மாற்றுக் குரலில் மூலத்தின் உயிர்: ஜப்பானிய அனிமேயும் ஆங்கிலக் குரல்மாற்றமும்



மொழியைப் பேணும் ஒரு மன்றம் ஜப்பானிய அசைவூட்டப் படங்களைச் சொற்பொழிவுப் பொருளாக ஏற்றது ஏன் என்று உங்களுள் சிலர் எண்ணியிருக்கலாம். இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவர் பலர், மொழிபெயர்ப்பு என்னும் கலையின் நிறைகுறைகளை முதன்முதலாக எண்ணிப் பார்ப்பது ‘அனிமே’ எனப்படும் இப்படங்களின் வழியாகத்தான். ஜப்பானியக் குரலைக் கேட்டுக்கொண்டே திரையின் அடியில் ஓடும் ஆங்கில வசன வரிகளைப் படிப்பது சிறந்ததா, டப்பிங் என்று நாம் வழங்கும் ஆங்கிலக் குரல்மாற்றத்தைக் கேட்பது சிறந்ததா என்று ஒரு வகுப்பில் கேட்டுப் பாருங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும். இலக்கணம் என்றால் முகம் சுளிக்கும் மாணவரும் அவ்வேளையில் விளி, தொனி, மரியாதைச் சொல் ஆகியவற்றைப் பற்றி வாதிடுவதைக் காணலாம். அவ்வாதத்தை வெறும் பொழுதுபோக்காகக் கருதி ஒதுக்கிவிடக் கூடாது என்பதே இவ்வுரையின் நோக்கம்.

என் கருத்தை முன்னரே கூறிவிடுகிறேன். ஆங்கிலக் குரல்மாற்றத்தைப் பற்றி ரசிகர்கள் நெடுங்காலமாகப் பல குறைகளைச் சொல்லி வருகின்றனர். அவற்றுள் சில வலுவானவை, சில வலுவற்றவை. சொல் மாறிவிட்டது என்னும் குறை பெரும்பாலும் வலுவற்றது. மொழி மாறும்போது சொல் மாறத்தான் வேண்டும். யார், யாரிடம், எந்த உறவில் நின்று பேசுகிறார் என்பது மாறிவிட்டது என்னும் குறையே வலுவானது. குரல்மாற்றத்தை அளக்கும் கோல் அதுவாகவே இருக்க வேண்டும்.

வெட்டும் ஒட்டும்

ரசிகர்களின் கவலையைப் புரிந்துகொள்ள, அதன் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் அறிதல் வேண்டும். ஒசாமு தெசுக்காவின் ‘தெத்சுவான் ஆத்தோமு’ என்னும் தொடர் 1963 ஜனவரி முதல் நாள் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிற்று. அதே ஆண்டிலேயே ‘ஆஸ்ட்ரோ பாய்’ என்னும் புதுப்பெயருடன் அது ஆங்கிலம் பேசிக்கொண்டு அமெரிக்க இல்லங்களுக்குள் நுழைந்தது. அசைவூட்டப் படம் என்றால் சிறுவர்க்கு உரியது என்பது அந்நாட்டு ஒளிபரப்பாளர்களின் உறுதியான எண்ணம். ஜப்பானியப் படைப்புகளோ சாவையும் துயரையும் தியாகத்தையும் தயங்காது காட்டின. இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்டது மொழிபெயர்ப்பு.

1972இல் வெளிவந்த ‘காட்சாமான்’ தொடர் 105 பகுதிகள் கொண்டது. 1978இல் ‘பேட்டில் ஆஃப் த பிளானட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் வந்தபோது அது 85 பகுதிகளாகக் குறைந்தது. வன்முறைக் காட்சிகள் நீக்கப்பட்டன. அதனால் கதையில் விழுந்த இடைவெளிகளை நிரப்ப, மூலத்தில் இல்லாத ஓர் எந்திர மனிதன் புதிதாக வரையப்பட்டுச் சேர்க்கப்பட்டான். 1985இல் வந்த ‘ரோபோடெக்’ இதனினும் வியப்பானது. வார நாள்தோறும் ஒளிபரப்புவதற்கு அமெரிக்க நிலையங்கள் குறைந்தது 65 பகுதிகளை எதிர்பார்த்தன. ‘மாக்ரோஸ்’ தொடரிலோ 36 பகுதிகளே இருந்தன. எனவே, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று தொடர்கள் மூன்று தலைமுறைகளின் ஒரே கதை போல இணைக்கப்பட்டு, 85 பகுதிகள் ஆயின. அதே 1985இல், ஹயாவோ மியாசாக்கியின் ‘நௌசிக்கா’ திரைப்படம் ஏறத்தாழ 22 நிமிடங்கள் வெட்டப்பட்டு, ‘வாரியர்ஸ் ஆஃப் த விண்ட்’ என்று வெளியாயிற்று. இயற்கையோடு மனிதன் கொள்ளவேண்டிய இணக்கத்தைப் பேசிய படம், சாதாரணச் சாகசப் படமாகச் சுருங்கியது. இந்தப் பட்டறிவுக்குப் பின் மியாசாக்கியின் தரப்பு விழித்துக்கொண்டது. 1997இல் வந்த ‘பிரின்சஸ் மோனோனோக்கே’யை அமெரிக்காவில் வெளியிட முனைந்த நிறுவனத்திற்கு, ‘வெட்டக் கூடாது’ என்னும் குறிப்புடன் ஒரு ஜப்பானிய வாளையே படத்தின் தயாரிப்பாளர் அனுப்பிவைத்தார். 1999இல் அப்படம் வெட்டுப்படாமலேயே அங்கு வெளிவந்தது.

தொலைக்காட்சியில் வெட்டு நின்றபாடில்லை. 1996இல் ஆங்கிலம் பேசத் தொடங்கிய ‘டிராகன் பால் இசட்’ தொடரில் இறந்தவர்கள் இறக்கவில்லை. ‘வேறொரு பரிமாணத்திற்கு’ அனுப்பப்பட்டார்கள். நரகத்துக் காவலர்களின் சட்டையில் இருந்த ‘ஹெல்’ என்னும் ஆங்கிலச் சொல்கூட, எழுத்துகள் மாற்றப்பட்டு, வேறொரு சுருக்கமாயிற்று. 1998இல் வந்த ‘போக்கேமான்’ தொடரில் சதோஷி என்னும் சிறுவன் ‘ஆஷ்’ ஆனான். அவன் நண்பன் கையிலிருந்த ‘ஒனிகிரி’ என்னும் சோற்றுருண்டை, திரையில் சோற்றுருண்டையாகவே தெரிந்தபோதும், இனிப்பு டோனட் என்று அழைக்கப்பட்டது. 2004இல் வந்த ‘ஒன் பீஸ்’ தொடரில் சமையற்காரர் சஞ்சியின் வாயிலிருந்த சிகரெட், குச்சி மிட்டாயாக மாறியது.

இவற்றுள் சில சிரிப்புக்குரியவை. ஆனால் ‘செய்லர் மூன்’ தொடரில் நேர்ந்ததை அவ்வாறு சிரித்துக் கடந்துவிட இயலாது. 1992இல் ஜப்பானிலும் 1995இல் ஆங்கிலத்திலும் தொடங்கிய அத்தொடரின் முதல் பருவத்தில் 46 பகுதிகள் 40 ஆயின. பின்வந்த பருவம் ஒன்றில், ஒருவரையொருவர் நேசிக்கும் ஹாருக்கா, மிச்சிரு என்னும் இரு பெண்களை ஆங்கிலப் பதிப்பு ஒன்றுவிட்ட சகோதரிகள் ஆக்கிற்று. அவர்களின் பார்வையும் நெருக்கமும் படத்தில் அப்படியே இருந்தன. உறவு மட்டும் வாய்ச்சொல்லால் மாற்றப்பட்டது. கண் ஒன்றைக் கண்டது. காது வேறொன்றைக் கேட்டது. 2014 முதல் வெட்டப்படாத புதிய ஆங்கிலப் பதிப்பு வந்த பிறகே அம்முரண் தீர்ந்தது.

இச்சூழலில்தான் ரசிகர்கள் தாமே மொழிபெயர்ப்பாளர் ஆயினர். 1980களின் இறுதியிலிருந்து ஒளிநாடாக்களில் வசன வரிகளைத் தாமே சேர்த்துத் தம்முள் பரிமாறிக்கொண்டனர். பதிப்புரிமைச் சட்டத்தின்படி அது குற்றமே. அதனை நான் நியாயப்படுத்தவில்லை. எனினும், ஊதியம் பெறாத அம்மாணவர்கள் திரையின் ஓரத்தில் எழுதிய சொல் விளக்கக் குறிப்புகள் ஒரு தலைமுறைக்கே மொழி உணர்வை ஊட்டின. பின்னர் டிவிடி வந்தது. ஒரே வட்டில் ஜப்பானியக் குரல், ஆங்கிலக் குரல், வசன வரிகள் ஆகிய மூன்றும் இடம்பெற்றன. மூலத்தையும் பெயர்ப்பையும் ஒரு பொத்தானை அழுத்தி ஒப்பிடும் வாய்ப்பு பொதுமக்களுக்குப் பரவலாகக் கிடைத்தது. அதன்பின் வெட்டை மறைக்க இயலவில்லை. வெட்டு குறைந்தது, ரசிகர்களின் கவலையோ மேலும் நுட்பமான இடங்களுக்கு நகர்ந்தது.

வாயசைவின் கணக்கு

அந்நுட்பங்களைப் பேசுமுன், குரல்மாற்றம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறிந்துகொள்வோம். ஜப்பானில் பெரும்பாலும் படத்தை முதலில் வரைந்து, பின்னரே குரலைப் பதிகின்றனர். 1988இல் வந்த ‘அக்கிரா’ போன்று குரலை முதலில் பதிந்து அதற்கேற்ப வாயை வரைந்த படங்கள் அரியவை. தொலைக்காட்சித் தொடர்களில் வாய்க்கு மூடியது, பாதி திறந்தது, முழுதும் திறந்தது என மூன்று நிலைகளே பொதுவாக வரையப்படும். எனவே, ஆங்கிலக் குரல்மாற்றத்தில் ஒவ்வோர் ஒலிக்கும் உதட்டைப் பொருத்த வேண்டியதில்லை. வாய் எப்போது திறந்து எப்போது மூடுகிறதோ அந்தக் கால அளவுக்குள் பேச்சு அமைந்தால் போதும்.

கேட்பதற்கு இது எளிது, செய்வதற்கு அரிது. ஒரே கருத்தைச் சொல்ல ஜப்பானியம் ஆங்கிலத்தைவிட மிகுதியான அசைகளை எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் கருத்து முடிந்த பிறகும் திரையில் வாய் அசைந்துகொண்டே இருக்கும். அந்த எச்சக் காலத்தை நிரப்ப, மூலத்தில் இல்லாத ஒரு சொல்லோ, ஒரு கேலியோ, ஒரு விளக்கமோ புகும். ரசிகர்கள் ‘சேர்க்கை’ என்று குறை கூறுவனவற்றுள் ஒரு பகுதி, எழுத்தாளரின் ஆணவத்தால் வந்ததன்று. அசைகளின் கணக்கால் வந்தது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. ஜப்பானில் குரல் கலைஞர்கள் ஒரே அறையில் ஒலிவாங்கிகளின் முன் கூடி நின்று, ஒருவர் பேச்சுக்கு மற்றவர் விடை கூறிப் பதிவது நெடுங்கால வழக்கம். அமெரிக்காவில் ஒவ்வொருவரும் தனியறையில், தனி நாளில், தம் பகுதியை மட்டும் பேசிவிட்டுச் செல்கின்றனர். பேச்சு என்பது விடையும் வினாவுமாக இழைவது; தனித்தனியே பதிந்து ஒட்டிய பேச்சில் அவ்விழைவைக் கொணர்வது இயக்குநரின் திறனைப் பொறுத்தது. 2014 முதல், ஜப்பானில் ஒளிபரப்பான சில வாரங்களிலேயே ஆங்கிலக் குரலையும் வெளியிடும் வழக்கம் பரவியது. காத்திருப்பு குறைந்தது, திருத்திப் பார்க்கும் அவகாசமும் குறைந்தது.

‘நான்’ எத்தனை, ‘நீ’ எத்தனை

இனி, உரையின் மையப் பொருளுக்கு வருகிறேன். ஜப்பானிய மொழியில் தன்மைச் சொற்கள் பல. ‘வத்தாஷி’ என்பது பணிவானது. ‘போக்கு’ என்பது பையன்களின் மென்மையான சொல். ‘ஓரே’ என்பது முரட்டுத்தனமும் நெருக்கமும் கலந்தது. ‘வாஷி’ என்பது கதைகளில் முதியோர் சொல். ஒருவர் எந்த ‘நான்’ஐத் தேர்கிறார் என்பதே அவரை நமக்கு அறிமுகப்படுத்திவிடும். இவ்வாறு ஒரு வகை மனிதரை உடனே நினைவூட்டும் பேச்சு முறையை, ஜப்பானிய மொழியியலாளர் சத்தோஷி கின்சுயி ‘யக்குவாரிகோ’, அதாவது பாத்திர மொழி, என்று பெயரிட்டு ஆராய்ந்துள்ளார்.

‘டிராகன் பால்’ தொடரின் நாயகன் கோக்கு தன்னை ‘ஓரா’ என்று குறிப்பிடுகிறான். அது நாட்டுப்புறத்தானின் ‘நான்’. உலகைக் காக்கும் பெருவீரன் கடைசிவரை பட்டிக்காட்டுப் பையனாகவே பேசுகிறான் என்பதில் ஒரு பண்பாட்டுச் செய்தி உண்டு. வளர்ந்த கோக்குவுக்கும் ஜப்பானில் குரல் கொடுப்பவர் மசாக்கோ நொசாவா என்னும் பெண்மணி. ஆங்கிலத்தில் ஆண் குரல். பட்டிக்காட்டுப் பேச்சும் இல்லை. பல ரசிகர்களுக்கு அந்த ஆங்கிலக் குரலே இளமை நினைவாகிவிட்டது, அதில் தவறில்லை. ஆனால் அவர்கள் அறிந்த கோக்கு வேறொருவன்.

அதே தொடரின் கொடியவன் ஃபிரீசா. கோள்களையே அழிக்கும் அவன், தொடக்கத்தில் மிகப் பணிவான மரியாதைச் சொற்களால் பேசுகிறான். ‘தாங்கள் அருள்கூர்ந்து இறந்துபோகலாமா’ என்று ஒருவன் கேட்டால் நமக்கு எத்தகைய நடுக்கம் உண்டாகுமோ, அத்தகைய நடுக்கத்தை அப்பணிவு தருகிறது. அவன் உருமாறிய பின் ‘வத்தாஷி’ மறைந்து ‘ஓரே’ வருகிறது. முகமூடி கழன்றதைச் செவியே அறிந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டைக் காட்ட இலக்கணக் கருவி இல்லை. நல்ல எழுத்தாளர் நாகரிகமான சொல்லாட்சியாலும் நிதானமான தொனியாலும் அதனை ஓரளவு ஈடு செய்யலாம். தொடக்கக் கால ஆங்கிலப் பதிப்போ கரகரத்த குரலை மட்டுமே நம்பியது.

விளிச் சொற்களின் நிலையும் இத்தகையதே. ஜப்பானியப் பள்ளிக் கதைகளில் மாணவர் ஒருவரையொருவர் குடும்பப் பெயருடன் ‘சான்’, ‘குன்’ சேர்த்து அழைப்பர். பல பகுதிகள் கடந்த பின், ஒருநாள் ஒருத்தி அவனை இயற்பெயரால் மட்டும் அழைப்பாள். கதையின் உச்சமே அந்த ஓர் அழைப்பாக இருக்கலாம். ஆங்கிலக் குரல்மாற்றங்கள் பல, இயல்பாக ஒலிக்க வேண்டும் என்பதற்காக, முதல் பகுதியிலேயே இயற்பெயரைப் பயன்படுத்திவிடும். உச்சக் காட்சி வரும்போது மாற்றுவதற்கு எதுவும் எஞ்சியிராது. ‘நீங்கள்’ என்று விளித்தவர் ‘நீ’ என்று விளிக்கும் கணத்தின் எடையை அறிந்த தமிழர்க்கு இவ்விழப்பை விளக்க வேண்டியதில்லை.

வட்டார வழக்கைப் பற்றியும் ஒரு சொல். ஓசாக்கா பகுதியினரின் பேச்சை ஆங்கிலத்தில் பலமுறை அமெரிக்கத் தென் மாநிலங்களின் உச்சரிப்பாக மாற்றியுள்ளனர். வேறுபாடு தெரிகிறது என்பது நன்மை. ஆனால் அவ்வுச்சரிப்பு உடையோரை மந்தமானவர் என்று எள்ளும் அமெரிக்கப் பழக்கமும் உடன் வந்து சேர்கிறது. ஓசாக்காவினரை ஜப்பானியர் வணிகச் சூழ்ச்சியும் நகைச்சுவையும் உடையவராகவே கதைகளில் காட்டுவர். ஒரு வட்டாரத்தின் பேச்சை மற்றொரு வட்டாரத்தின் பேச்சால் பெயர்க்கும்போது, அவ்விரு மக்களின் மதிப்பையும் நாம் கையாள்கிறோம் என்பதை மறத்தல் ஆகாது.

மௌனத்தைப் பெயர்த்தல்

பேச்சைப் போலவே பேசாமையும் மூலத்தின் பகுதி. 1989இல் வந்த மியாசாக்கியின் ‘கிகி’ திரைப்படத்தில், இளம் சூனியக்காரியான கிகியுடன் பேசும் பூனை ஜிஜி, கதையின் பிற்பகுதியில் அவளுக்குப் புரியும்படி பேசுவதை நிறுத்திவிடுகிறது. இறுதியில் அவள் ஆற்றல் திரும்பிய பிறகும் பூனை பேசுவதில்லை. அவள் வளர்ந்துவிட்டாள், குழந்தைப் பருவத்தின் துணை இனி வேறு வகையில்தான் துணை. 1998இல் வந்த ஆங்கிலப் பதிப்பில் பூனைக்கு மூலத்தில் இல்லாத வேடிக்கைப் பேச்சுகள் சேர்க்கப்பட்டன. இறுதியில் அது மீண்டும் பேசுவதாக ஒரு வரியும் சேர்க்கப்பட்டது. ஒரே ஒரு வரி, வளர்ச்சியைப் பற்றிய படத்தை இழந்தது மீண்டு வரும் படமாக மாற்றிவிட்டது. 2010இல் மறுவெளியீடு வந்தபோது அச்சேர்க்கைகள் பெரும்பாலும் நீக்கப்பட்டன.

2001இல் வந்து, 2003இல் ஆஸ்கர் விருது பெற்ற ‘ஸ்பிரிட்டட் அவே’யின் ஆங்கிலக் குரல்மாற்றம் மிகுந்த அக்கறையுடன் செய்யப்பட்டது. அதிலும் மூலம் மௌனமாக முடியும் இடத்தில், புதிய ஊரையும் புதிய பள்ளியையும் தன்னால் எதிர்கொள்ள முடியும் என்று சிறுமி தந்தையிடம் சொல்வதாக ஒரு பேச்சு சேர்ந்துள்ளது. அவள் துணிவு பெற்றதை அவள் நடையிலிருந்து நாமே உணரலாம் என்று படைப்பாளர் நம்பினார். மொழிபெயர்ப்பாளர் பார்வையாளரை அவ்வளவு நம்பவில்லை.

ஒரு சொல்லின் மீது இரு வழக்குகள்

வெட்டுகளின் காலம் பெரும்பாலும் முடிந்த பின் எழுந்த இரு வழக்குகள் நம் கவனத்திற்குரியவை. முதலாவது, 1995இல் தொடங்கிய ‘எவாஞ்ஜெலியன்’ தொடரைப் பற்றியது. 2019இல் நெட்ஃபிளிக்ஸ் அதனைப் புதிய மொழிபெயர்ப்புடனும் புதிய குரல்களுடனும் வெளியிட்டது. 24ஆம் பகுதியில், தனிமையில் வாடும் ஷிஞ்சியிடம் காவோரு ‘சுக்கி’ என்னும் சொல்லைக் கூறுகிறான். பழைய ஆங்கிலப் பதிப்பு அதனை ‘நேசிக்கிறேன்’ என்ற பொருளில் பெயர்த்தது; புதிய பதிப்பு ‘உன்னை எனக்குப் பிடிக்கும்’ என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. ரசிகர்கள் கொதித்தெழுந்தனர்.

மூலத்தில் உள்ள பொருள் மயக்கத்தை அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்பது மொழிபெயர்ப்பாளர் தரப்பின் வாதம். அது மதிக்கத்தக்கது. ‘சுக்கி’ என்பது உணவைப் பிடிக்கும் என்பதற்கும் வரும். உள்ளத்தை ஒப்படைக்கும் கணத்திற்கும் வரும். ஆனால் ரசிகர்களின் எதிர்வாதமும் வலுவானது. ஜப்பானியத்தில் அச்சொல் இரண்டு கதவுகளையும் திறந்து வைக்கிறது. ஆங்கிலத்தின் ‘லைக்’ ஒரு கதவைச் சாத்திவிடுகிறது. அகராதிப்படி சரியான சொல், காட்சிப்படி குறைந்த சொல்லாகிவிட்டது. என் தீர்ப்பு ரசிகர்கள் பக்கமே சாய்கிறது. வாழ்நாளில் அன்பையே கேட்டறியாத ஒருவன் முதன்முறையாகக் கேட்கும் சொல் அது. அவன் செவியில் அது எவ்வளவு எடையுடன் விழுந்தது என்பதே பெயர்க்கப்பட வேண்டிய பொருள்.

இரண்டாவது வழக்கு, 2017இல் வந்த ‘மிஸ் கோபயாஷிஸ் டிராகன் மெய்ட்’ தொடரைப் பற்றியது. ஒரு பாத்திரம் தன் உடையை மாற்றிக்கொண்டதற்கு, பிறர் ஏதேனும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள் என்று மூலத்தில் காரணம் கூறுகிறது. ஆங்கிலக் குரலிலோ, ஆணாதிக்கச் சமூகத்தின் எதிர்பார்ப்புகளைச் சாடுவதாக அது மாறியது. அக்கருத்து உண்மையா என்பது இங்கு வினாவன்று. அதனை அந்தப் பாத்திரம் சொல்லுமா என்பதே வினா. மொழிபெயர்ப்பாளர்க்குத் தம் கருத்தை எழுத எத்தனையோ மேடைகள் உண்டு. பிறர் படைத்த பாத்திரத்தின் வாய் அவற்றுள் ஒன்றாகாது. கருத்து நமக்கு உடன்பாடானதாயினும் முரணானதாயினும் இவ்விதி ஒன்றே.

ரசிகர்கள் தவறும் இடங்கள்

ரசிகர்கள் சொல்வதெல்லாம் சரி என்று கொள்ள வேண்டா. முதலாவதாக, சொல்லுக்குச் சொல் ஒட்டுவதே நேர்மை என்று சிலர் எண்ணுகின்றனர். ‘ஒன் பீஸ்’ தொடரின் ரசிகர் பதிப்புகள் சில, ‘நக்கமா’ என்னும் சொல்லை மொழிபெயர்க்க இயலாத மந்திரச் சொல் போல அப்படியே விட்டுவைத்தன. கூட்டாளி, தோழர் என்று பொருள்படும் நாள்தோறும் வழங்கும் சொல்தான் அது. மூல மொழியில் எளிதாக ஒலிப்பதைப் பெயர்ப்பில் புதிராக்குவதும் ஒரு வகைப் பிழையே.

இரண்டாவதாக, ஜப்பானியம் அறியாத செவிக்கு ஜப்பானிய நடிப்பு யாவும் சிறந்ததாகவே ஒலிக்கும். அறிந்த மொழியில் மட்டுமே செயற்கைத் தன்மையைக் கண்டறிய இயலும். அதனால் ஒப்பீடு தொடக்கத்திலேயே சமனற்றது. 1998இல் தொடங்கிய ‘கௌபாய் பெபாப்’ தொடரின் ஆங்கிலக் குரல்மாற்றத்தை, குரல்மாற்றத்தை வெறுப்போர் பலரும் பாராட்டுகின்றனர். அதன் மாந்தர் பல இனத்தவர். கதையின் சூழல் மேலைத் திரைப்படங்களையும் ஜாஸ் இசையையும் தழுவியது. ஆங்கிலம் அங்கே அயலாக ஒலிக்கவில்லை. நல்ல குரல்மாற்றம் இயலும் என்பதற்கு அது சான்று.

மூன்றாவதாக, வசன வரிகளைப் படிக்க இயலாதாரை நினைத்துப் பார்க்க வேண்டும். பார்வைக் குறையுடையோர், எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுவர், வேகமாகப் படிக்க இயலாத முதியோர் ஆகியோருக்குக் குரல்மாற்றமே வாயில். மேலும், அசைவூட்டம் என்பது ஓவியக் கலை. கண் வரிகளைத் தொடரும்போது ஓவியம் நழுவுகிறது. இவற்றையெல்லாம் எண்ணாமல், எழுத்தாளர் எழுதியதற்காகக் குரல் கொடுத்தவரை வசைபாடுவது அறமாகாது.

குரல் கலைஞர்களின் உரிமை பற்றிய கவலை நியாயமானது. 2022இல் ‘மாப் சைக்கோ 100’ தொடரின் மூன்றாம் பருவத்தில், தொழிற்சங்கத்துடன் பேச்சு நடத்துமாறு கேட்ட முதன்மைக் குரல் கலைஞர் மாற்றப்பட்டபோது ரசிகர்கள் அவர் பக்கம் நின்றனர். 2025இன் இறுதியில், ‘பனானா ஃபிஷ்’ தொடருக்குச் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய ஆங்கிலக் குரல் வெளியிடப்பட்டு, கடும் எதிர்ப்பால் நீக்கப்பட்டது. வாயசைவின் கணக்கை எந்திரம் போட்டுவிடும். யார் யாரிடம் பேசுகிறார் என்பதை உணர்வதற்கு மனிதர் வேண்டும்.

தமிழுக்கு வரும்போது

இச்செய்திகள் நமக்குத் தொலைவானவை அல்ல. 2024இல் ‘சோலோ லெவலிங்’ தொடர் தமிழ்க் குரலுடன் வெளிவந்தது. 2025இல் ‘டீமன் ஸ்லேயர்’ வரிசையின் ‘இன்ஃபினிட்டி காசில்’ திரைப்படம் இந்தியத் திரையரங்குகளில் தமிழிலும் ஒலித்தது. இங்கு ஒரு வினா எழுகிறது. தமிழ்க் குரல் ஜப்பானிய மூலத்திலிருந்து பிறக்க வேண்டுமா, ஆங்கிலப் பெயர்ப்பிலிருந்து பிறக்க வேண்டுமா?

ஆங்கிலம் இழந்த பலவற்றைத் தமிழ் இழக்க வேண்டியதில்லை. ‘ஓனிச்சான்’ என்று தங்கை அழைப்பதை ஆங்கிலம் பெயராகவோ, இயல்பற்ற ‘பிக் பிரதர்’ ஆகவோ ஆக்கும்; நமக்கு ‘அண்ணா’ உண்டு. மூத்த மாணவரைக் குறிக்கும் ‘சென்பாய்’ என்னும் விளிக்கு ஆங்கிலம் தடுமாறும். நம் பள்ளிகளில் இளையோர் ‘அக்கா’ என்றும் ‘அண்ணா’ என்றும் அழைப்பது இயல்பு. ஃபிரீசாவின் பணிவான கொடுமைக்குத் ‘தாங்கள்’ காத்திருக்கிறது. வினைமுற்று இறுதியில் வரும் அமைப்பு இரு மொழிக்கும் பொது. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் பிறப்புறவு உண்டு என்ற சுசுமு ஓனோவின் கருத்தைப் பெரும்பாலான மொழியியலாளர் ஏற்கவில்லை. ஆயினும் இந்த அமைப்பொற்றுமை கண்கூடு. ஒரு செய்தியின் கடைசிச் சொல்லில்தான் உண்மை வெளிப்படும் காட்சிகளில், பாத்திரங்களின் முகம் மாறும் கணமும் வினைச்சொல் விழும் கணமும் ஒன்றாகும். ஆங்கிலத் தொடரமைப்பு பலவேளை அச்செய்தியை முன்னரே உடைத்துவிடும். தமிழ் அதனை இறுதிவரை ஏந்திச் செல்லும்.

தமிழுக்கும் எல்லை உண்டு. 2016இல் வந்த ‘கிமி நோ நா வா’ திரைப்படத்தில், பையனின் உடலுக்குள் புகுந்த பெண் தன் நண்பர்கள் முன் எந்த ‘நான்’ஐச் சொல்வது என்று தெரியாமல் ‘வத்தாஷி’, ‘வத்தக்குஷி’, ‘போக்கு’, ‘ஓரே’ என்று தேடித் தடுமாறுகிறாள். ஆங்கிலத்தைப் போலவே தமிழும் அங்கே கைவிரிக்கும்; இன்றைய வழக்கில் நமக்கு ‘நான்’ ஒன்றே. ஆனால் ஜப்பானியத்திலும் ஆங்கிலத்திலும் இல்லாத ஒன்று நம்மிடம் உண்டு: ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் வேறுபாடு. பகைவர்களாகத் தொடங்கிய இருவர் தோழராகும் கதையில், கேட்பவனை விலக்கிய ‘நாங்கள்’ அவனை உட்கொண்ட ‘நாம்’ ஆக மாறும் கணத்தைத் தமிழ்க் குரலால் ஒரே சொல்லில் காட்ட இயலும். பெயர்ப்பில் இழப்பு மட்டுமன்றிப் பேறும் உண்டு என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஆனால் ஆங்கிலத்தின் ‘வீ’யை மட்டும் பார்த்து எழுதுபவர்க்கு, காட்சியில் யார் யாருடன் நிற்கிறார் என்பதை மீண்டும் ஆராயும் எண்ணமே தோன்றாது போகலாம். எனவே, தமிழ்க் குரல் மூலத்தின் செவியோடு எழுதப்பட வேண்டும். அதற்கு ஜப்பானியமும் தமிழும் அறிந்த இளைஞர்கள் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர்க்கு விருப்பமான ஒரு தொடரிலிருந்து இரண்டு நிமிடக் காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஜப்பானியக் குரலில் ஒருமுறை, ஆங்கிலக் குரலில் ஒருமுறை கேட்கச் செய்யுங்கள். யார் யாரை எவ்வாறு விளித்தார், எங்கே மௌனம் இருந்தது, எங்கே புதிய சொல் புகுந்தது என்று எழுதச் சொல்லுங்கள். பின்னர் அக்காட்சியைத் தமிழில், வாயசைவின் கால அளவுக்குள், எழுதச் சொல்லுங்கள். ‘நீ’யா ‘நீங்கள்’ஆ, ‘நாம்’ஆ ‘நாங்கள்’ஆ என்று அவர்கள் தமக்குள் வாதிடும்போது, நன்னூலும் தொல்காப்பியமும் வகுத்த தன்மை, முன்னிலை, படர்க்கை ஆகியவை உயிருள்ள உறவுகள் என்பதை அவர்களே கண்டுகொள்வர்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் விரும்பும் தொடரின் குரல் பிழைபட்டபோது உங்களுக்கு எழும் சினம் நல்ல சினம். அது மொழியின் மீது உங்களுக்குள்ள பற்று. அப்பற்றை வசையாக வீணாக்காமல் கேள்வியாக மாற்றுங்கள்: இந்தப் பாத்திரம் இவரிடம் இப்படிப் பேசுமா? இக்கேள்வியைக் கேட்கப் பழகியவர், நாளை எம்மொழியிலிருந்து எதனைப் பெயர்த்தாலும் பிறர் குரலைத் தம் குரலால் அழித்துவிட மாட்டார்.